ராசா கவுந்த மடு

முன்னொரு காலத்தில், பாலம் என்றால் என்னவென்று ஆறுகளுக்குத் தெரியாத நாளில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வரியை அளவாக வாங்குவார், வழக்கைப் பொறுமையாகக் கேட்பார். ஆனால் ராஜாக்களுக்கு வருகிற ஒரு வியாதி அவருக்கும் இருந்தது. யார் எந்த வேலை செய்வதைப் பார்த்தாலும், அதைத் தாம் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று அவருக்குத் தோன்றிவிடும். ஒருமுறை குயவரை எழுப்பிவிட்டுச் சக்கரத்தில் உட்கார்ந்து ஒரு பானை செய்தார். அது பானைதான் என்று சபையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஒரு கார்த்திகை மாதத்தில் ராஜா ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே சென்னியப்பன் என்ற பரிசல்காரர் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல். "துடுப்பை இப்படிக் கொடு" என்றார் ராஜா. கொடுத்தாயிற்று. பரிசலுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ராஜாவுக்கோ எப்போதும் முன்பக்கம் வேண்டும். ஒரு பக்கமாகவே துடுப்பைப் போட்டார், பரிசல் சுற்றியது. சுற்றுவதை நிறுத்த எழுந்து நின்றார், பரிசல் கவிழ்ந்தது.

கவிழ்ந்த இடம் ஒரு மடு. மடு என்றால் ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் குழி. முந்தின வருஷத்து வெள்ளம் புதிதாகத் தோண்டிவிட்டுப் போன மடு அது. மேலே பார்த்தால் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், அடியிலே சுழல் ஆளை உருவி இழுக்கும். சென்னியப்பன் குதித்து, கைக்கு அகப்பட்ட குடுமியைப் பிடித்து ராஜாவைக் கரைக்கு இழுத்துப் போட்டார். ராஜா இருமினார், தண்ணீர் கக்கினார், பரிசல்காரரைத் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

அந்த ஆற்றங்கரைக்காரர்களின் வழக்கம் அவருக்குத் தெரியாது. அங்கே பெயர் வைக்க யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஒரு இடத்தில் என்ன நடந்ததோ அதுவே பெயர். உப்பு வியாபாரி ஒருவன் பொதிமாட்டோடு இறங்கி, மூட்டை கரைந்து வெறும் சாக்கோடு ஏறினான். அது உப்புக் கரைஞ்ச துறை. பாறை ஒன்றில் கோயில் யானை சறுக்கி விழுந்தது. அது ஆனை வழுக்கி. வெள்ளத்தைப் பார்த்துப் பெண் வீட்டுக்குப் போகாமல் வந்த வழியே போய்விட்டார் ஒரு சம்பந்தி. அது சம்பந்தி திரும்புன துறை. மாமன் அழுத மேடு என்றும் ஒன்று உண்டு. எந்த மாமன், எதற்கு அழுதான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் யாரும் அந்த மேட்டில் கால் வைக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ராஜா இலையில் உட்கார்ந்திருந்தார். மீன் குழம்பு அன்றைக்கு அபாரமாக அமைந்துவிட்டது. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "ருசியான மீன். எங்கே பிடித்தது?" என்று சமையற்காரரைக் கேட்டார்.

சமையற்காரர் அகப்பையோடு நின்று, பெருமை பொங்க, யோசிக்காமல் பதில் சொன்னார். "ராசா கவுந்த மடு மீனுங்க, மகாராசா. அந்த மடு மீனுக்கே தனி ருசி."

ராஜாவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபை கூடியது. தலைமை மந்திரியான பிரதானி வாகீசர் எழுந்தார். சொல்லிலே வல்லவர், ஆனால் சபையில் தம்மைத் தவிர வேறொருவர் பேசி ராஜா சிரித்தால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. "இதற்கு ஏன் கவலை, மகாராஜா? அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஓர் ஆணை போட்டால் முடிந்தது. நானே ஏற்பாடு செய்கிறேன்" என்றார்.

தண்டோரா புறப்பட்டது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! ராசா கவுந்த மடுவை இனி எவரும் ராசா கவுந்த மடு என்று சொல்லக் கூடாது!" என்று ஊர் ஊராகப் பறை முழங்கியது. ஆற்றையே பார்த்திராத மலையடிவாரத்து ஊர்களிலும் முழங்கியது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், "அட, ராசா கவுந்துட்டாருங்களா? எப்பங்க?" என்று தண்டோராக்காரரைச் சுற்றிக்கொண்டார்கள். அவரும் வந்த அலுப்புத் தீர உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். ஒரு கரைக்குள் இருந்த பெயர் ஒரே வாரத்தில் நாடு முழுவதும் பரவிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

தம் தவறு வெளியே தெரியும் முன் பிரதானி பழியைப் போட ஓர் ஆளைத் தேடினார். ஆள் ரொம்ப தூரத்தில் இல்லை. அந்தப் பெயரை முதன்முதலில் வாயால் சொன்னது யார் என்று விசாரித்ததில், சந்தையில் யாரோ "ராஜா எங்கே விழுந்தார்?" என்று கேட்டதற்குச் சென்னியப்பன் பதில் சொன்னது தெரியவந்தது. காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வந்து சபை நடுவே நிறுத்தினார்கள்.

"இவனை ஆறே இல்லாத தேசத்துக்கு அனுப்பிவிட வேண்டும், மகாராஜா" என்றார் பிரதானி.

சென்னியப்பன் தலை குனிந்து நின்றார். "எங்கீன்னு கேட்டாங்க, சொன்னனுங்க. இடத்துக்கு ஒரு பேரு வேணுமில்லீங்களா? என்னைய அடிச்சாலும் வாங்கிக்கறனுங்க சாமி. ஆறு இல்லாத ஊருல நான் என்னங்க பண்ணுவேன்? எனக்கு நடக்கறதுக்கு முன்னாலயே நீந்தத் தெரியும்னு எங்கம்மா சொல்லும்."

ராஜாவின் முகம் இறுகியே இருந்தது. அப்போதுதான் உத்தண்டி எழுந்தார். சபையின் விகடகவி அவர். மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு. சபையில் ராஜா சிரித்த சிரிப்பில் பாதிக்குமேல் அவரால் வந்தது.

"மகாராஜா, தங்களைக் கரையேற்றிய கை இது. அதைத் தண்ணீரில்லாத இடத்துக்கு அனுப்புவது தங்களுக்கு அழகல்ல" என்றார்.

பிரதானி இந்தச் சமயத்துக்காகத்தான் பல வருஷம் காத்திருந்தார். "உத்தண்டியாருக்கு இரக்கம் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவர் அறிவுக்கு அந்த மூடி செய்வது என்ன பெரிய காரியம்? அந்தப் பெயரை அவரே நீக்கித் தரட்டுமே" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ராஜா யோசித்தார். பிறகு சொன்னார்: "சரி. ஆடிப் பெருக்கன்று நான் ஆற்றுப் பூசைக்கு வருவேன். அன்று அந்தப் பெயர் என் காதில் விழக் கூடாது. விழுந்தால், அதைச் சொன்னவர் எவரானாலும் நாடு கடத்தப்படுவார். முதலில் சொன்ன இந்தப் பரிசல்காரனும் போக வேண்டும். இவனுக்காகப் பேசிய நீயும் போக வேண்டும்."

"சித்தம், மகாராஜா. எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, இவரை இப்போதே பரிசலுக்கு அனுப்புங்கள். இரண்டு, அந்த மடுவுக்குத் தங்கள் பெருமைக்குத் தக்க ஒரு பெயரை நான் சூட்டலாமா?"

ராஜாவுக்கு அது பிடித்திருந்தது. உத்தண்டி அங்கேயே பெயரைச் சொன்னார். "அஞ்சாத கண்ட ஆண்சிங்க அவனி காத்த அடலேறு செங்கோல் வழுவாத சீர்மிகு மன்னர் மன்னர் மகாராஜா திருமேனி தளராது கவிழ்ந்தருளிய திருமடு. யார் சொன்னாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

'கவிழ்ந்தருளிய' என்ற சொல் பிரதானியின் காதில் தேனாக விழுந்தது. தானே போய்த் தலையைக் கொடுக்கிறான், நாம் ஏன் தடுப்பானேன் என்று, "அருமையான பெயர், மகாராஜா. ஒரு விருதும் விட்டுப்போகவில்லை" என்று முதல் ஆளாக ஆமோதித்தார். தம் விருதுகள் வரிசையாக ஒலித்த இனிமையில் ராஜாவும் முத்திரை வைத்துவிட்டார்.

சென்னியப்பன் மறுபடியும் பரிசல் போட்டார். ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் மடுவின் புதுப் பெயரை அவர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் நாளே உத்தண்டியிடம் வந்து முறையிட்டார்.

"ஏனுங்க, பேரைச் சொல்ல ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள அக்கரை வந்துருதுங்க. அடலேறு முன்னால வருதா செங்கோல் முன்னால வருதான்னு நெனைச்சுட்டே துடுப்பை உட்டுட்டனுங்க."

"விடாமல் சொல்லு அண்ணா. ராஜாவின் ஆணை" என்றார் உத்தண்டி.

மார்கழியில் ஜனங்கள் சிரித்துக்கொண்டே முழுப் பெயரையும் சொன்னார்கள். ஒளித்துச் சொன்னபோது பெயரில் இருந்த ருசி, அரண்மனையே ஊரறியச் சொல்லச் சொன்னதும் போய்விட்டது. தையில் அறுப்பு வேலை வந்தது. அரிவாளும் கையுமாக ஓடுகிற நேரத்தில் அடலேற்றைச் சொல்ல யாருக்கு மூச்சு இருக்கிறது? முதலில் சீர்மிகு போயிற்று, பிறகு செங்கோல் போயிற்று. பங்குனிக்குள் மன்னர் மன்னரும் திருமேனியும் கவிழ்ந்தருளியதும் ஆற்றோடு போய்விட்டன. தலையும் வாலும் மட்டும் மிஞ்சின. ஊர்ப் பெயர்களை நறுக்கிக் கையடக்கமாக்குவதில் நம் ஜனங்களின் நாக்கு அரிவாள்மணையைத் தோற்கடிக்கும். சித்திரைச் சந்தையில் பிரதானி அனுப்பிய ஒற்றர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார்கள். அவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அஞ்சாத மடு.

ஆடிப் பெருக்கு வந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் செக்கச் சிவந்து ஓடியது. அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் முளைப்பாரிச் சட்டிகளோடு வந்து, பூசை செய்து, முளைத்த பயிரை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ராஜா கிரீடத்தையும் நகைகளையும் கழற்றிவிட்டு ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு கரையில் வந்து நின்றார். சென்னியப்பனை அழைத்துவரச் சொன்னார் பிரதானி. பரிசல்காரன் வாய் தவறினாலும் தவறுவான் என்பது அவர் கணக்கு.

"அதோ அந்த மடுவின் பெயர் என்ன?" என்று கேட்டார் ராஜா.

"அஞ்சாத மடுங்க, சாமி."

அடுத்து நின்ற கீரைக்காரியைக் கேட்டார். அஞ்சாத மடு. பூசாரியைக் கேட்டார். அஞ்சாத மடு. ராஜாவின் மார்பு நிமிர்ந்தது. "அஞ்சாத மடு. எவ்வளவு பொருத்தம். உத்தண்டி, ஜெயித்துவிட்டாய்" என்றார். பிரதானி மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஜெயித்த உத்தண்டியின் முகத்தில் சந்தோஷம் இல்லை, அவர் கண் சென்னியப்பன் மேலேயே இருந்தது. சென்னியப்பனோ ராஜாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, திரும்பித் திரும்பி மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ராஜா பேசும்போது அங்கே என்ன பார்வை?" என்றார் ராஜா.

"மன்னிக்கோணுங்க. நாலஞ்சு மாசமாவே பரிசல அந்த மடு ஓரத்துலதான் கட்டி வெச்சிருக்கறனுங்க. இன்னைக்கு இங்க கூப்புட்டதால அங்க ஆளில்லீங்க. பளைய பேரு இருந்தப்ப அது காவல் காத்துச்சுங்க. இப்ப அஞ்சாத மடுங்கறாங்க. அசலூர்க்காரங்க அதைக் கேட்டுட்டு, பயமில்லாத எடம்போலன்னு எறங்கிடறாங்க. ரெண்டு பேர நானே இளுத்துப் போட்டனுங்க."

ராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சென்னியப்பனின் முகம் வெளுத்தது.

மடுவின் கரையில் ஓர் இளம்பெண். புதுச்சேலை, தலையில் முளைப்பாரிச் சட்டி. துறையில் கூட்டம் நெரியவே, தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கி வந்திருக்கிறாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. சென்னியப்பன் ஓடிக்கொண்டே கத்த வாயைத் திறந்தார். "அம்மிணி, அஞ்சாத..." என்று தொடங்கி, அப்படியே நின்றுபோனார். அஞ்சாத மடு என்று கத்தினால் அவள் இன்னும் இரண்டு எட்டு உள்ளேதான் போவாள். பழைய பெயரைக் கத்தினால் அவருக்கு ஆறு போய்விடும், உத்தண்டிக்கு நாடு போய்விடும்.

ராஜாவுக்கு அந்தத் தண்ணீர் தெரியும். அடியிலே அது காலைப் பிடித்து இழுத்த இழுப்பு அவர் உடம்பில் இன்னும் இருந்தது. அவர் எதையும் யோசிக்கவில்லை. சபைப் பேச்சு மறந்துபோயிற்று.

"எறங்காதே தாயி! அது ராசா கவுந்த மடு!"

சிங்கத்தின் குரல்தான், அதில் மட்டும் புலவர்கள் பொய் சொல்லவில்லை. அவள் திடுக்கிட்டு நின்றாள். பெயர் காதில் விழுந்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டியை நழுவவிட்டு, இரண்டே எட்டில் கரையேறி, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சட்டி கொஞ்ச தூரம் மிதந்து, நடுவில் போனதும் ஒரு சுற்றுச் சுற்றிக் காணாமல் போயிற்று.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உத்தண்டி மட்டும் தம் மேல்துண்டைக் கீழே விரித்து, வெற்றிலைப் பெட்டியை அதில் வைத்து, நிதானமாக மூட்டை கட்டத் தொடங்கினார்.

"என்ன செய்கிறாய்?" என்றார் ராஜா.

"ஆணையை நிறைவேற்றுகிறேன், மகாராஜா. அந்தப் பெயர் இன்று தங்கள் காதில் விழுந்துவிட்டது. நானும் சென்னியப்பனும் போக வேண்டும். சொன்னவர் எவரானாலும் அவரும் போக வேண்டும் என்பது ஆணை. மூன்று பேர் போகிறோம். வழியில் சமையல் யார் செய்வது என்று மட்டும் தாங்கள் இப்போதே தீர்மானித்துவிட்டால் நல்லது. தங்கள் பானையை நம்பி நான் வர மாட்டேன்."

பிரதானி ராஜாவின் முகத்தையே பார்த்தார். ராஜா சிரிக்கவில்லை. மடுவையே பார்த்தபடி மெல்லக் கேட்டார். "அந்தப் பெயர் இருந்த வரையில் அங்கே யாராவது இறங்கினார்களா?"

"ஒருத்தரும் எறங்குலீங்க, சாமி" என்றார் சென்னியப்பன்.

"நான் வைத்த பெயர்தான் இறக்கியது, மகாராஜா" என்றார் உத்தண்டி. அவர் குரலில் விகடம் இல்லை. "இவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நினைத்தேன். ஆற்றை நினைக்கவில்லை."

ராஜா உத்தண்டியின் பக்கம் திரும்பினார். "ஆனால் உத்தண்டி, நான் செத்த பிறகும் இந்த ஆறு ஓடும். அன்றைக்கும் ஜனங்கள் என்னைக் கவிழ்ந்தவனாகத்தானே நினைப்பார்கள்?" என்றார். அத்தனை மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். கேட்டுவிட்டதும் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது.

அதற்கு உத்தண்டி பதில் சொல்லும் முன்னால் அந்தப் பெண் அங்கே வந்துவிட்டாள். ஈரச் சேலையைப் பிழிந்தபடி, ஈர வேட்டியோடு நின்றவரை யாரோ ஊர்ப்பெரியவர் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

"நல்லவேளை கூப்புட்டுச் சொன்னீங்க, பெரியவரே. நாங்க எல்லைக்கு அந்தப் பக்கமுங்க. அஞ்சாத மடுன்னு யாரோ சொன்னாங்க, நம்பி எறங்கிட்டனுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, பெண்களுக்கே உரிய அக்கறையோடு கேட்டாள். "ஏனுங்க, கவுந்தது எந்த ராசாங்க?"

பிரதானி, "அடி பெண்ணே!" என்று பாய்ந்தார். ராஜா கையை நீட்டி அவரைத் தடுத்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தொப்பை குலுங்கத் தொடங்கியது. சிரித்தார். கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தார். சென்னியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன ஏது என்று புரியாமல் கரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"யாரோ ஒரு ராசா, தாயி" என்றார் கடைசியில். "பேரு ஞாபகம் இல்லை. நீ பத்திரமா வீடு போய்ச் சேரு."

அவள் போன பிறகு ராஜா தம் ஆணைகளைச் சொன்னார். நாடுகடத்தல் ரத்து. பரிசல் துறை சென்னியப்பனுக்கும் அவர் வாரிசுகளுக்கும். தம் கையில் போட்டுக்கொள்ளும் பொற்கடகத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தண்டிக்குப் போட்டார். மெலிந்த கையில் அது தோள்வரை ஏறி இறங்கியது. தண்டோரா மறுபடியும் ஊர் ஊராகப் போக வேண்டும், இந்தத் தடவை பறை அடிப்பவரோடு பிரதானியும் நடந்தே போய், அது ராசா கவுந்த மடு என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். பிரதானி சொல்லில் வல்லவர் அல்லவா, நன்றாகவே சொன்னார்.

அந்த ராஜாவின் பெயரை உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் நானும் பலரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஆற்றங்கரையில் போய்க் கேட்டால், "அது யாரோங்க. நீங்க அந்தப் பக்கம் மட்டும் எறங்கிடாதீங்க" என்கிறார்கள்.